ஒரே படத்தில் இரண்டு குரல்கள்

மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஏழு இருபதுக்கு, புக்கிட் பாத்தோக் காட்டில் பாடிக்கொண்டிருந்த ஒரு புல்புல்லின் குரல் பாதிப் பாட்டில் நின்றுபோனது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அதே பாட்டு, விட்ட இடத்திலிருந்து, தேக்காவில் டன்லப் தெருவில் இருக்கும் நூர் ஸ்டூடியோவில், அப்போதுதான் அச்சாகி வெளியே வந்த ஒரு படத்திலிருந்து கேட்டது. அன்று மழை இல்லை. ஸ்டூடியோவில் மூன்று பேர் கடப்பிதழ்ப் படத்துக்காகக் காத்திருந்தார்கள். மூவரும் தங்கள் கைத்தொலைபேசிகளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

படத்தை எடுத்தவர் ஸ்டூடியோவை நடத்தும் ஃபஸீலா. வயது நாற்பத்தாறு. கணவர் ஒலி முகம்மது இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக்கூடாது, தலை சாயக்கூடாது என்று நாள் முழுக்க மனிதர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர், மருத்துவர் நடக்கச் சொன்னதைச் சாக்காக வைத்துக் காலையில் காட்டுக்குப் போக ஆரம்பித்தார். நீண்ட லென்ஸ் ஒன்று வாங்கினார். மீன்கொத்தி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வரும்போது அதன் அலகிலிருந்து பறக்கும் துளிகளை எண்ணக்கூடிய அளவுக்குத் துல்லியமாக எடுத்தார். ஆறு மாதத்தில் சுவரில் நாற்பது படங்கள் சேர்ந்தன, நாற்பதும் பாடின. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுமான ஊழியர்கள் வேலையுடுப்பு அல்லாத சட்டையில் வந்து, செண்பகப் பறவையின் முன்னாலும் மாங்குயிலின் முன்னாலும் கைகட்டி நின்றார்கள். பக்கத்துக் கடைக்காரர் புகார் செய்ததால் அதிகாரி ஒருவர் வந்து ஒலியை அளந்தார். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அரைமணி நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் வைஷாலி. ஃபஸீலாவுடன் ஒரே பள்ளியில் படித்தவர், இப்போது பல்கலைக்கழகத்தில் காட்டின் ஒலிகளை ஆராய்பவர். புக்கிட் பாத்தோக்கில் பதினாறு மரங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டியிருந்தார். ஒவ்வொரு பறவையின் குரலும் அவர் கணினித் திரையில் ஒரு கோடாக ஓடும். அந்த ஆண்டு கோடுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. முதலில் கருவி பழுது என்று நினைத்துப் பதினாறையும் மாற்றினார். பிறகு ஒருநாள் ஃபஸீலாவின் சுவரில் படங்களுக்குக் கீழே எழுதியிருந்த தேதிகளைத் தன் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மறுநாள் காட்டில் உட்கார்ந்து ஃபஸீலாவைத் தொலைபேசியில் அழைத்தார். மரத்தில் ஃபஸீலா கடைசியாக எடுத்த புல்புல் வாயைத் திறக்கும்போதெல்லாம் டன்லப் தெருவில் அதன் படம் பாடியது.

“ஃபஸீ, இதுக்கு ஒரு ஜோடி இருக்கு. ரெண்டும் சேர்ந்து பாடுற பறவைலா இது,” என்றார் வைஷாலி. “பொட்டை தன்னோட பாதியைப் பாடிட்டு நிறுத்துது. இதோட பாதி வரணும்னு காத்திருக்குது. அப்புறம் மறுபடியும் பாடுது.”

“எத்தனை நாளா?”

“பதினோரு நாளா.”

பன்னிரண்டாம் நாள் பெண் பறவை போய்விட்டது.

முதலில் அச்சாகும் பிரதியில் மட்டுமே குரல் இருந்தது. மறுபிரதிகள் ஊமை. அதற்கு முன்பே, ஏப்ரலில், ஒரு மீன்கொத்தியின் படம் அச்சு இயந்திரத்தில் சிக்கிக் கிழிந்திருந்தது. அதன் குரல் அதற்குப் பிறகு காட்டிலும் கேட்கவில்லை, கடையிலும் கேட்கவில்லை. படங்களைக் கொண்டுபோய் அந்தந்த மரத்தில் மாட்டிவிடச் சொன்னார் வைஷாலி. மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்டார் ஃபஸீலா. அது உண்மையான பயம்தான். ஆனால் மாலை ஆறு மணிக்குக் கடையின் கதவைச் சாத்திவிட்டு நாற்பது குரல்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து தேநீர் குடிப்பதைக் கைவிட அவருக்கு மனமில்லை என்பதும் உண்மை. கேமராவை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஜனவரியில் பொங்கோலில், ஃபஸீலாவும் மகள் யும்னாவும் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்துத் தூங்குமூஞ்சி மரத்துக்கு ஒரு குயில் வந்தது. கறுப்பு உடம்பு, சிவப்புக் கண். காலை ஐந்து மணிக்குத் தொடங்கி, ஒவ்வொரு கூவலையும் முந்தியதைவிட உயர்த்திக்கொண்டே போய், உச்சியில் உடைந்து, மறுபடியும் கீழிருந்து தொடங்கும். வசிப்போர் குழுவின் சேதுபதி எழுபத்து மூன்று வீடுகளின் கையெழுத்தோடு ஃபஸீலாவின் கதவைத் தட்டினார்.

“தங்கச்சி, என் பொண்டாட்டிக்கு பிளட் பிரஷர். நாலாவது மாடியில கைக்குழந்தை இருக்குது. யாரும் அதைக் கொல்லச் சொல்லலை. நீங்க ஒரே ஒரு போட்டோ எடுத்தா போதும்லா.”

“அண்ணே, நான் இப்ப எடுக்கிறதில்லை.”

“அது உயிரோடதானே இருக்கும்? சாப்பிடும், பறக்கும். சத்தம் மட்டும்தானே.”

ஃபஸீலா தனக்குத்தானே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது. இன்னொருவர் வாயில் கேட்டபோது பொய் என்று தெரிந்தது. இருந்தும் அவர் தலையாட்டினார். அவரும் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. யும்னாவுக்கு அது உயர்நிலை நான்கு, தேர்வு ஆண்டு. அதைவிட, அந்தச் சிவப்புக் கண்ணை லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்து மூன்று நாளாகியிருந்தது.

பள்ளியின் சொற்போர்க் குழுவில் யும்னாதான் முதல் பேச்சாளர். வீட்டிலும் அப்படித்தான். “உம்மா, அது பாட்டுக்குக் கூவுது. ஒரு மாசத்துல போயிடும். உங்களுக்கு என்ன பண்ணுது?” என்று கேட்டாள். ஃபஸீலா அலமாரிச் சாவியைத் தேடப் போனார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். எழுபத்து மூன்று வீடுகளில் பாதி, சன்னலில் நின்று பார்த்தது. குயில் கிளை நுனிக்கு வந்தது. வெயில் அதன் கறுப்பில் பட்டு நீலமாகத் தெறித்தது. யும்னா மின்தூக்கிக்குக் காத்திராமல் பதினோரு மாடியும் படியில் ஓடி வந்து, குயிலை விரட்ட இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு மரத்தடிக்குப் பாய்ந்தாள்.

“உம்மா, எடுக்கா…”

கேமரா சொடுக்கியது. அந்தச் சொல்லின் மீதி வரவில்லை. குயில் அலகைத் திறந்தபடி இருந்தது, யும்னா வாயைத் திறந்தபடி இருந்தாள். சன்னல்களில் நின்றவர்கள் நல்ல அமைதி என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

கேமராவின் சிறு திரையில் நடுவில் குயில் இருந்தது, இடது ஓரத்தில் கலங்கலாக ஒரு கையும் முக்கால் முகமும் இருந்தன. இருவரும் டாக்சியில் தேக்காவுக்குப் போனார்கள். வழியெல்லாம் யும்னா தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஃபஸீலா கடையைத் திறந்து, அச்சு இயந்திரத்தைத் துடைத்து, மையைப் புதிதாக மாற்றி, வேறு படங்களை மூன்று முறை அச்சிட்டுச் சோதித்தார். பிறகு தாளை வைத்துவிட்டு, பொத்தானைத் தொடாமல் பத்து நிமிடம் நின்றார். யும்னாதான் அவர் விரலைப் பிடித்து அழுத்தினாள். தாள் ஒரு அங்குலம் வந்தது, நின்றது, மறுபடியும் நகர்ந்தது. முழுவதும் வெளியே வந்து விழுந்ததும், படம் “தீங்க!” என்று கத்தியது.

ஃபஸீலா அழுதார். யும்னா அவர் எதிரில் நின்று உதட்டை அசைத்தாள். மேசைமேல் கிடந்த படம், “உம்மா, எனக்குப் பசிக்குது,” என்றது. உடனே அதே படம் கூவியது. பொங்கோலில் குயில் அலகைத் திறந்திருந்தது.

அந்த வாரத்திலேயே ஃபஸீலா நாற்பது படங்களையும் ஞெகிழி உறைகளில் போட்டு, வைஷாலியோடு போய்ப் புக்கிட் பாத்தோக் மரங்களில் கட்டினார். கிழிந்த மீன்கொத்தியையும் கட்டினார். ஆனால் பறவைகள் பறந்துகொண்டிருந்தன, படங்கள் கட்டிய இடத்தில் இருந்தன. பெண் பறவைகள் படத்தைத் தேடி வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. வைஷாலியின் திரையில் கோடுகள் மீண்டும் ஓடின. கூடுகளின் எண்ணிக்கை கூடவில்லை. அந்தக் காட்டில் நடந்து போகிறவர்களுக்கு எல்லாம் முன்போலவே இருக்கிறது என்றே தோன்றியது.

நாற்பத்தோராவது படத்தை என்ன செய்வது என்று யும்னாவே முடிவு செய்து, கைத்தொலைபேசியில் தட்டித் தாயிடம் காட்டினாள். காலை ஐந்து முதல் ஏழு வரை படம் குயிலின் மரத்தில் இருக்க வேண்டும். ஏழு மணிக்கு எடுத்துத் தன்னிடம் தர வேண்டும். வெட்டிப் பிரிக்கக்கூடாது. ஃபஸீலா ஏற்றுக்கொண்டார். விடியலில் மாட்டுவதும் எடுப்பதும் அவர் வேலை. யும்னா படத்தைக் கோப்பில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டு போனாள். வகுப்பில் கோப்புக்குள்ளிருந்து பதில் சொன்னாள். நடுவில் குயில் கூவினால் ஆசிரியை சாக்கட்டியோடு காத்திருப்பார். சொற்போரில் எதிரணியின் நேரத்தில் குயில் கூவியதற்காக ஒருமுறை புள்ளி குறைக்கப்பட்டது.

ஏப்ரலில் ஒரு விடியற்காலை சாய்வாக மழை பெய்தது. ஃபஸீலா செருப்பில்லாமல் ஓடி மரத்தடிக்குப் போனபோது உறைக்குள் தண்ணீர் போயிருந்தது. குயிலின் கறுப்பு இடப்பக்கமாக வழிந்து யும்னாவின் முகத்தில் கலந்திருந்தது. தலையில் கட்டிய துணியை அவிழ்த்து ஒற்றி எடுத்தார், விசிறிக் காயவைத்தார். ஏழு மணிக்கு யும்னா எழுந்து உதட்டை அசைத்தாள். படம் கூவியது. அவள் மறுபடியும் முயன்றாள். கூவல் உயர்ந்தது.

அன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை. மறுநாள் போனாள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் இருவர் இருந்தார்கள். கொடுத்த பகுதியை யும்னா பிழையின்றி வாசித்து முடித்தாள், படம் நான்கு நிமிடம் கூவியது. இது தமிழ் இல்லை என்றார் ஒருவர். முப்பது ஆண்டுகளாகக் குயில் வரும் பாட்டுகளாகவே நடத்தி வருகிறேன், இதைத் தமிழ் இல்லை என்று என் கையால் எழுத முடியாது என்றார் மற்றவர். தேர்ச்சி கொடுத்தார்கள்.

குயில் அந்த மரத்தை விட்டுப் போகவில்லை. பருவம் முடிந்தும் இருந்தது. வேறு குயில் எதுவும் அங்கே வரவில்லை என்று வைஷாலி குறித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு அது அலகைத் திறக்கிறது. மரத்தில் கட்டிய படத்திலிருந்து பதினாறு வயதுப் பெண்ணின் குரல், தெளிவான உச்சரிப்பில், “யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்கிறது. பதில் இல்லாவிட்டால் கொஞ்சம் உயர்த்திக் கேட்கிறது. பிறகு இன்னும் உயர்த்தி. முதல் வாரம் எழுபத்து மூன்று வீடுகளிலும் விளக்கு எரிந்தது. ஒருவரும் கையெழுத்து வாங்க வரவில்லை. பதினோராவது மாடியில் யும்னா போர்வைக்குள் கண் விழித்துக் கிடப்பாள். வாயைத் திறக்க மாட்டாள்.

எட்டாம் நாள், ஏழாவது மாடியில் சேதுபதி சன்னலைத் திறந்து, மனைவி சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, “இருக்கோம்லா!” என்று கத்தினார். குரல் நின்றது. இப்போது அந்த புளோக்கில் மாடிக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். பட்டியல் மின்தூக்கிக்குப் பக்கத்தில், கொசு மருந்து அடிக்கும் அறிவிப்புக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. ஐந்து மணிக்கு முறைக்காரர் சன்னலைத் திறந்து பதில் சொல்கிறார். சொன்ன பிறகு மறுநாள் விடியும்வரை அது எதுவும் கேட்பதில்லை.