அடியில் பென்சிலில் எழுதியது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கொஞ்சம் ஆறட்டும், பிறகு எழுது என்றார்கள். ஆறினால் எழுத மாட்டேன், எனக்குத் தெரியும்.

2

முதல் தொடக்கம்: ‘மூடுபனி சூழ்ந்த ஓர் ஓவியக்கூடத்தில் அவள்...’

(அடித்துவிட்டேன். பனியெல்லாம் கிடையாது. ட்யூப்லைட்.)

இரண்டாவது: எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதுவும் ஓவியத்தில். வாங்கிவிட்டு, பெயர்பெற்ற ஓவியர் ஒருவருக்கு வண்ணம் கலந்துகொடுத்தேன். குவாஷ் வண்ணம். காய்ந்தால் அடியில் இருப்பதை முழுசாக மூடிவிடும். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

ஒரு மதியம் அவர் வெளியூர் போயிருந்தார். அம்மா வேலை பார்க்கும் சலவைக்கூடத்தின் பின்கட்டை வரைந்தேன். என் வழக்கப்படி, எங்கே என்ன நிறம் என்று முதலில் தாளிலேயே பென்சிலில் எழுதிக்கொண்டு, அதன்மேல் பூசினேன். விரிப்புகள், நீராவி, சுவர் எதற்கும் உருவம் இல்லை. வெள்ளை, சாம்பல், ஓரத்தில் ஒரு கீற்று மஞ்சள். அவர் கூடத்திலேயே காயவைத்துவிட்டுப் போனேன்.

அடுத்து அதை அவருடைய கண்காட்சியில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்த்தேன். ‘கடல், விடியல்’. மூலையில் அவர் கையெழுத்து. மூன்று விடியல் கடற்கரையில் உட்கார்ந்து போட்டதாம். சுற்றி நின்றவர்கள் சிலாகித்தார்கள்.

தனியே பிடித்துக் கேட்டேன். “சார், இது நான் போட்டது.”

“பேப்பர் யாருதும்மா? பெயின்ட் யாருது? ஸ்டைல் யாருது? நீ பிரஷ்ஷப் பிடிச்ச, அவ்வளவுதான்.”

(இவரை ஒரேயடியாகக் கெட்டவராக்குகிறேனோ? நியாயத்துக்காக ஒன்று சேர்க்கிறேன்: தன் டீயை அவரே போட்டுக்கொள்வார். போதும்.)

4

அம்மாவைக் கண்காட்சிக்கு அழைத்துப்போனேன். படம் யார் போட்டது என்று நான் சொல்லவில்லை. [இங்கே அம்மா கண்கலங்கினால் நன்றாயிருக்கும் என்றாள் தோழி. அம்மா கலங்கவில்லை.]

“ஏய், இது நம்ம பின்கட்டுடி! இந்த மஞ்சள் மூணாம் நம்பர் பாய்லர் மேல விழுற வெயிலு. அந்தாளு எப்ப அங்க வந்தாரு?”

“வரலம்மா.”

திரும்பி என்னையே பார்த்தாள். “அப்ப ஏன்டி வாய மூடிட்டு நிக்குற? இதுக்கா உன்னப் படிக்கவெச்சேன்?”

5

ஆதாரம் இருக்கிறது. சட்டத்தைக் கழற்றி, ஈரத் துணியால் ஓர் இழுப்பு. ‘மூணாம் பாய்லர், வெயில், மஞ்சள்’ என்று என் எழுத்து வெளியே வரும். படம் போய்விடும். நான் போட்டதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

முடிவு அ: அவர் மன்னிப்புக் கேட்கிறார். (எனக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு ஆ: துடைக்கிறேன். எல்லோரும் அலறுகிறார்கள். நான்...

முடியவில்லை. என்னுடையது என்று நிரூபிக்க என்னுடையதை நானே ஏன் அழிக்க வேண்டும்? அம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அந்த எழுத்தைப் படித்துவிட்டாளே.

6

முடிவை நான் எழுதப்போவதில்லை. கண்காட்சி இன்னும் நான்கு நாள் இருக்கிறது. போய் அந்தப் படத்தின் முன்னால் நில்லுங்கள். பக்கத்தில் யாராவது “ஆகா, கடல்!” என்பார்கள்.

உங்களுக்குத்தான் இப்போது தெரியுமே. வாயை மூடிக்கொண்டு நிற்பீர்களா?