எல்னா வீட்டுக் காற்று

1961 நவம்பர் 9, வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்கு, கடல்போல் விரிந்த ஏரியின் கரையில் இருக்கும் டுலூத் நகரின் லேக்சைடு பகுதியில் எல்னா சண்ட்பெரியின் ரோஜாத் தோட்டத்தில் மட்டும் காற்று வீசத் தொடங்கியது. வேலிக்கு அப்பால் ஓர் இலைகூட அசையவில்லை. அவள் கணவன் ஆர்விட் வேலை பார்த்த இரும்புத்தாதுக் கப்பல் ஏரியில் மூழ்கியதும் ஏழேகாலுக்குத்தான் என்று மறுநாள் தெரிந்தது.

அந்த ஊரில் ரோஜாவை நின்ற நிலையில் பனிக்காலத்துக்கு விடுவதில்லை. அக்டோபர் நடுவில் ஒரு பக்கத்து வேரை இளக்கி, செடியைப் பள்ளத்தில் சாய்த்து, மண்ணும் சருகும் போட்டு மூடிவிடுவார்கள். பதினொரு செடிகளையும் ஆர்விட்தான் சாய்ப்பான். அந்த ஆண்டு கப்பலில் கூடுதலாக ஒரு நடைக்குக் கூப்பிட்டார்கள். "வந்து சாய்ச்சுக்கறேன். நீ தொடாத, வேரை ஒடிச்சிருவ" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் உடல் கிடைக்கவில்லை. எல்னாவும் செடிகளைச் சாய்க்கவில்லை. முழங்கால் உயரத்துக்கு வெட்டி, முளையடித்துக் கட்டி, சுற்றிலும் சாக்குத் திரை நிறுத்தினாள். அந்த நவம்பரிலும் பிறகு அக்டோபர்தோறும் காற்று வந்து திரையைக் கிழித்தது. செடிகளை ஆட்டி ஆட்டி அடித்தண்டைச் சுற்றிக் குழி பறித்தது. குழியில் நீர் உறைந்து வேர்கள் அறுந்தன. மூன்று பனிக்காலங்களில் ஏழு செடிகள் போயின.

1964 அக்டோபரில் பக்கத்து வீட்டு டூனே கொஸ்கெலா வேலியோரம் வந்து நின்றாள்.

"எல்னா, உன் காத்தை ஒரு மணி நேரம் இந்தப் பக்கம் அனுப்பேன். துணி காயவே மாட்டேங்குது."

"சொன்னதைக் கேக்கற காத்தா இருந்தா நான் ஏன்டி சாக்கோட மல்லுக்கட்டறேன்?"

டூனே சற்று நேரம் செடிகளையே பார்த்தாள். "ஆர்விட் எந்தப் பக்கமா சாய்ப்பாரு?"

"ஏரிப் பக்கமா."

"இதுவும் அங்கதான் தள்ளுது."

எல்னா வேலியைவிட்டுச் செடிகளிடம் போனாள். சாக்கை அவிழ்த்தாள், முளைகளைப் பிடுங்கினாள், மண்வெட்டி எடுத்து வந்து நான்கு செடிகளுக்கும் ஒரு பக்கத்து வேரை இளக்கிப் பள்ளம் வெட்டினாள். காற்று ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தது. ஒரு வேரும் ஒடியவில்லை. அவள் மண்ணைத் தள்ளி மூடி முடித்ததும் காற்று நின்றுவிட்டது.

அதற்குப் பின் பத்தொன்பது அக்டோபர்களில் காற்று வந்து சாய்த்துவிட்டுப் போனது. அந்த வாரம் டூனே துணி துவைத்தால் எல்னா வீட்டுக் கொடியில்தான் போடுவாள். ஏப்ரலில் செடிகளைத் தூக்கி நிறுத்த மட்டும் அது ஒருமுறையும் வரவில்லை. எல்னாவே தூக்கி நிறுத்தினாள்.