மூன்றாம் மெஷினில் இருந்தவர்

அறையில் இருந்தவர்கள்: மேலாளர், தன் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி. அந்த நாற்காலியில் போலீஸ் அதிகாரி. கதவோரம் ஒரு பெண் காவலர். மருத்துவமனையிலிருந்து வந்த நர்ஸ், கையில் ஒரு தாளோடு. சுவரோரம் துணி மடிப்புப் பகுதி அம்மா, என் அக்கா புருஷன், நான். ஏழு பேர். நான்கு பேருக்கான அறை அது. ஜன்னல் உண்டு, திறக்காது.

காலை பதினொன்றரை மணி. ஆறு மணிக்கு இரவு ஷிப்ட் முடிந்து வீட்டில் போய்ப் படுத்த என்னை எழுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். மாமாவையும் அப்படித்தான். அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. பார்ப்பவர்களுக்கு ராத்திரி முழுக்க வேலை பார்த்தவரின் கண் மாதிரிதான் தெரியும். அது காய்ச்சல் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வேலை மருத்துவமனைத் துணி வெளுப்பது. அழுக்குத் துணி தள்ளுவண்டியில் வரும். ஒவ்வொரு விரிப்பையும் உதறிப் பார்த்துவிட்டு மெஷினில் போட வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. உதறினால் என்னென்னவோ விழும். பல்செட், கண்ணாடி, செல்போன், ஒருமுறை ஒரு கல்யாண மோதிரம். மெஷின்கள் ஆறு. இரவில் மூன்றும் நான்கும் மட்டும் ஓடும். மூன்று மாமாவுடையது, நான்கு என்னுடையது.

"பன்னெண்டு ஊசிக் குப்பி," என்றாள் நர்ஸ். "ஆபரேஷன் தியேட்டர்ல பச்சை விரிப்போட சேர்த்துச் சுருட்டிட்டாங்க. தப்பு எங்களோடதுதான். ஆனா வண்டி இங்க வந்திருக்கு, குப்பி திரும்பி வரல."

"சாதாரண மருந்தா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். கணக்கு வச்சுப் பூட்டி வைக்கிற மருந்து. வெளிய போனா போதைக்குப் போயிடும்."

அதிகாரி வருகைப் பதிவை விரல் வைத்துப் படித்தார். "பச்சை விரிப்பு வண்டி மூணாம் மெஷினுக்குப் போயிருக்கு. மூணாம் மெஷின்ல இருந்தவர் இவர். பத்து மணிக்கு உள்ள, ஆறு மணிக்கு வெளிய. சரிதானே?"

மேலாளர் சரி என்றார். கார்டில் அப்படித்தான் இருந்தது.

அந்தக் கார்டை அடித்தவன் நான்.

வாசலில் ஒரு மெஷின் உண்டு. அட்டையைச் செருகினால் நேரம் அடித்துக் கொடுக்கும். முதலில் வருகிறவர் தன் பகுதியில் எல்லோருடைய அட்டையையும் செருகிவிடுவது எங்கள் வழக்கம். பஸ் தாமதம், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, தலைவலி, ஏதோ ஒன்று. இன்றைக்கு நீ, நாளைக்கு நான். யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. வீட்டில் ஒருவர் குளித்தால் அடுத்தவருக்கும் தண்ணீர் பிடித்து வைப்பதில்லையா, அது மாதிரி. மாமாவுக்கு லீவு தீர்ந்துவிட்டது. இன்னும் ஒருநாள் வராவிட்டால் வேலை போகும். அதனால் முந்தின நாள் ராத்திரி அவர் வீட்டில் காய்ச்சலோடு கிடந்தார், அவருடைய அட்டை மட்டும் வேலைக்கு வந்தது. இரண்டு மெஷினையும் நான்தான் ஓட்டினேன்.

இரண்டு மெஷின் ஓட்டுகிறவன் உதறிப் பார்க்க மாட்டான். நானும் பார்க்கவில்லை. சுருட்டியதைச் சுருட்டியபடியே உள்ளே தள்ளினேன். காலையில் மூன்றாம் மெஷினின் வடிகால் சல்லடையைக் கழற்றியபோது பொடிப்பொடியாகக் கண்ணாடி இருந்தது. தெர்மாமீட்டர் உடைந்தாலும் அப்படித்தான் இருக்கும். தட்டிக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

பன்னிரண்டு குப்பி என்று நர்ஸ் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. யாரும் எதையும் திருடவில்லை.

மடிப்புப் பகுதி அம்மா என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். "தம்பி, என் பையைக் கொட்டிக் காட்டச் சொல்றாங்க. காட்டியே ஆகணுமா?"

நான் சட்டக் கல்லூரியில் ஒன்றரை வருடம் படித்துவிட்டு விட்டவன். அதனால் இங்கே எல்லோருக்கும் நான்தான் வக்கீல். டீ நேரத்தில் கேட்பார்கள். நான் இல்லாதப்போ வீட்டு ஓனர் சாவி போட்டு உள்ள வரலாமா. கம்பெனிக்காரன் என் சர்டிபிகேட்டைப் பிடிச்சு வச்சுக்கலாமா. தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்வேன்.

"பொம்பள போலீஸ்தான் பாக்கணும், தனியாப் பாக்கணும். அதைக் கேளுங்க," என்றேன்.

அவர் கேட்டார். பெண் காவலர் அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். மேலாளர் குனிந்து அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார், அதிகாரி என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் வக்கீலா? எத்தனாவது வருஷத்துல விட்டீங்க?"

"ரெண்டாவது சார்."

"அப்போ புஸ்தகத்துல முன்பாதிதான் தெரியும்," என்றார். மேலாளர் சிரித்தார்.

சிரிப்புக்கு நடுவே மாமா என் முழங்கையைத் தொட்டார். "மாப்ள, நான் என்ன சொல்லட்டும்?"

அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் இருந்தேன் என்று சொன்னால் கார்டு அடித்தவன் மாட்டுவான். மூன்றாம் மெஷினும் அவன் தலையில் விழும். அதைச் சொல்லலாமா என்று அவர் என்னிடமே அனுமதி கேட்டார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. பதில் சொல்லணும்னு கட்டாயமில்ல. அது உங்க உரிமை. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

சட்டப்படி சரியான பதில். வேறு யாராவது சொல்லியிருந்தால் நல்ல பதிலும்கூட.

அதிகாரி அவரிடம் ஐந்து கேள்வி கேட்டார். மாமா ஐந்துக்கும் தரையைப் பார்த்தார். சினிமாவுக்குக்கூட நான் சொல்கிற படத்துக்குத்தான் போகிற மனிதர். ஆறாவது கேள்வி என்னிடம் வந்தது.

"ராத்திரி உங்க பக்கத்து மெஷின்ல இவர் இருந்தாரா?"

"கார்டுல இருக்கே சார்," என்றேன்.

பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அதைக் கேட்டு மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பாடத்தைச் சரியாகக் கவனிக்கிற பையனின் முகம்தான் அது. அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்று மணிக்கு ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு சாப்பாட்டு டப்பா. உள்ளே கொடுக்க விடவில்லை.

"எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம்?" என்றாள்.

"ஒரு நாளைக்குள்ள நீதிபதி முன்னாடி கொண்டு போகணும்."

"எதுக்குப் பிடிச்சிருக்கோம்னு எனக்குச் சொல்லணுமா?"

"சொல்லணும்."

"அடிக்கலாமா?"

"கூடாது."

"கூடாதுன்னா அடிக்க மாட்டாங்களா?"

அவள் டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ராத்திரி பூரா அவர் நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். போலீஸ்கிட்டயும் சொன்னேன். பொண்டாட்டி வேற என்ன சொல்லுவான்னு சிரிக்கிறாங்க. அவர்கிட்ட கேட்டா வாயே திறக்கலையாம். ஊமைக் கோட்டானா நிக்கிறாராம். யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

"கார்டு தானா நடந்து போய் விழுந்துச்சா?"

"இல்ல."

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது. அவள் டப்பா மூடியை அழுத்தி மூடினாள்.

"உன்னையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது இல்ல? நீ பேசாம இருந்தாலும் சட்டத்துல தப்பில்ல. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்போ சரி," என்றாள். "வீட்டுக்குப் போய்த் தூங்கு. ராத்திரி முழிச்சவன்."

அவள் திட்டியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். என் அக்கா திட்டி வளர்த்தவள். வாய் ஓய்ந்து அவளைப் பார்த்ததே இல்லை. எழுந்து உள்ளே போனேன்.

அதிகாரி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கார்டு, இரண்டு மெஷின், உதறாத விரிப்பு, சல்லடைக் கண்ணாடி. கடைசியில், "கண்ணாடி எங்க?" என்றார்.

"குப்பையில போட்டேன்."

"குப்பை எங்க?"

"எட்டு மணிக்கு வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடும் சார்."

"பதினொண்ணரைக்கு ஏன் சொல்லல?"

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. மாமாவுக்கு நான் சொல்லிக் கொடுத்த அதே பதில்.

அவர் மேலாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "எங்க கிட்ட ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் அடிக்கிற பழக்கமே கிடையாது சார்," என்றது மேலாளர் குரல். அவருக்கும் தெரியும். மருத்துவமனைக்குத் தெரிந்தால் ஒப்பந்தம் போகும் என்பதும் தெரியும். அடுத்து மடிப்புப் பகுதி அம்மா. "நான் மடிப்புப் பக்கம் இருந்தேன்யா, அந்தப் பக்கமே பாக்கல," என்றார். வாரத்தில் இரண்டு நாள் அவர் கார்டையும் இன்னொருவர்தான் அடிப்பார். அவர் வேறென்ன சொல்வார்.

"பாத்தீங்களா," என்றார் அதிகாரி. "மாமாவைக் காப்பாத்த நீங்க கதை கட்டுறீங்கன்னும் வச்சுக்கலாம். நீங்களும் அவரும் சேந்து எடுத்தீங்க, இப்போ பயந்து உளறுறீங்கன்னும் வச்சுக்கலாம்."

"உண்மைன்னும் வச்சுக்கலாம் சார்."

"வச்சுக்கலாம். சரிபாக்கணும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் இங்கதான்."

"என்னைக் கைது பண்றீங்களா?"

"இல்ல. விசாரணை."

"அப்போ நான் போலாமா?"

"போக முடியாது."

"போக முடியாதுன்னா அது கைதுதான் சார்."

"அப்படின்னு நீங்களே எழுதிக் குடுங்க. உங்களுக்குத்தான் எழுத வருமே," என்று ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

கார்டிலிருந்து சல்லடை வரை எல்லாவற்றையும் எழுதினேன். மேலே தேதி, கீழே நேரம். இடையில் வெற்றிடம் விடாமல் கோடு போட்டேன், பின்னால் யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி. அந்த ஒன்றுதான் நான் படித்ததில் உருப்படியாகச் செய்தது. அதிகாரி கோடுகளைப் பார்த்தார், தாளை மடித்துக் கோப்பில் வைத்தார்.

"என் வீட்டுக்குச் சொல்லணும்."

"உங்க அக்கா வாசல்லதானே இருக்காங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க. ஓடிடாதீங்க, எனக்கு முட்டி வலி."

ஒரு காவலர் கூடவே வந்தார். அக்கா எழுந்து நின்றாள்.

"விடுறாங்களா அவரை?"

"சரிபாத்துட்டு விடுவாங்க. என்னையும் இருக்கச் சொல்லிட்டாங்க."

அவள் என்னையும் காவலரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்களில் யாரைத் திட்டுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

"அக்கா, கேளு. ராத்திரி மாமாவை வேற யாராவது பாத்தாங்களா?"

"பக்கத்து வீட்டு டீச்சர் வந்து காய்ச்சல் பாத்தா. மாத்திரை குடுத்தா. ஒரு மணி இருக்கும்."

"அவங்களைக் கூட்டிட்டு வா. இப்பவே."

"அவ மழைக்குக்கூட ஸ்டேஷன் வாசல்ல ஒதுங்க மாட்டாடா."

"கெஞ்சு."

டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தாள். காவலர் அதை என் கையிலிருந்து வாங்கித் திறந்து பார்த்தார், மூடினார், தானே வைத்துக்கொண்டார்.

உள்ளே நீளமான நடைவழி. கடைசியில் கம்பிக் கதவு. என் பெல்ட்டையும் போனையும் வாங்கி ஒரு நோட்டில் எழுதினார்கள். மாமா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர் கழுத்து வரை ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் வெளிச்சமானது.

"வா மாப்ள. பேச உள்ளயே விட்டுட்டாங்களே, பரவாயில்லையே," என்றார். "நான் ஒரு வார்த்தை பேசல. நாலு பேர் மாறி மாறிக் கேட்டாங்க. கையெழுத்தும் போடல." பிறகு, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டுக்கொண்டே, "எவ்வளவு நேரம் குடுத்திருக்காங்க உனக்கு?" என்றார்.

நான் உள்ளே நுழைந்தேன். காவலர் எனக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினார்.