குப்பம்மா அக்காவின் கேமிலியா

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை செடிகொடிகளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை. தாவரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் என்பதற்காகச் சொல்லவில்லை. மற்றவர்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

திருவொற்றியூரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் குப்பம்மா அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் மீன் விற்கிறார். மகள் மாயாவுக்குக் குன்னூர் நாற்றுப்பண்ணையில் வேலை. தீபாவளிக்கு வந்தவள், மலைக்குளிரில் ரோஜா மாதிரி பூக்கும் கேமிலியாச் செடி ஒன்றைத் தொட்டியோடு மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். மூன்று மொட்டுகள்.

"பொங்கலுக்கு வருவேன். அதுக்குள்ள ஒண்ணாச்சும் பூக்கலன்னா திருப்பி எடுத்துனு போய்டுவேம்மா" என்றாள்.

அன்றிலிருந்து அக்கா செய்த அட்டூழியத்தைக் கேளுங்கள். வடிகட்டிய டீத்தூளைத் தொட்டியில் கொட்டுவார். தேயிலையும் கேமிலியாவும் ஒரே பேரினம். தம்பியை வேகவைத்து அண்ணனுக்கு ஊட்டுகிறார். மீன் பெட்டிக்கு வாங்கிய ஐஸில் இரண்டு கை அள்ளி வந்து தண்டைச் சுற்றி வைப்பார். பிறகு பழைய புடவைத் துணியை நனைத்து, ஒவ்வொரு இலையிலும் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைத் துடைப்பார்.

"அக்கா, இது செடியா வவ்வாலு மீனா?"

"ஐஸு போட்டா செத்த மீனே தாங்குது நைனா. உசுரோட கீற மொட்டு தாங்காதா?"

"மூஞ்சி தொடச்சாச்சு. ஸ்கூலுக்கு அனுப்பலையா?"

"நீ மொதல்ல உன் மூஞ்சியத் தொடச்சிக்கோ."

அறிவியலுக்கு இந்த ஊரில் இதுதான் மரியாதை.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பழவேற்காட்டில் ஒரு கல்யாணத்துக்கு அக்கா கிளம்பினார். செடியை என்னிடம் ஒப்படைத்தார்.

"தண்ணி ஊத்து. அப்புறம் அந்த ஐஸு..."

"படிச்சவன்கிட்ட சொல்றீங்கக்கா."

பூவுக்கு வேண்டியது ஒளி. முதலாம் ஆண்டுப் பாடம். தொட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் நல்ல வெயிலில் வைத்தேன். மதியம் ஒரு மொட்டு விழுந்தது. காற்று. சாயங்காலம் இன்னொன்று விழுந்தது. காற்றே இல்லை.

பாடப்புத்தகத்தைத் திறந்தேன். கேமிலியாவின் தாவரக் குடும்பத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள், அதிலும் முழுக்கத் தேயிலை.

மறுநாள் காலை பெயின்ட் வாளியோடு காசிமேட்டில் நின்றேன்.

"இன்னா மீனு வாங்கின?" என்றார் ஐஸ்காரர்.

"வஞ்சிரம்."

"எங்க?"

"வூட்ல கீது."

தொட்டியை மறுபடி படிக்கு அடியில் இறக்கினேன். இரண்டு கை ஐஸ் அள்ளி வைத்தேன். அம்மா காலையில் வடிகட்டிய டீத்தூளும் போனது. புடவைத் துணி கிடைக்கவில்லை. கல்லூரி விழாவுக்குக் கொடுத்த டீ-ஷர்ட்டைக் கிழித்து நனைத்து, கீழ் இலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.

மிச்சமிருந்த மொட்டின் நுனியில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. அதன் மேலும் சாம்பல். துணியைக் கொண்டுபோனேன். பிறகு துணியை எடுத்துவிட்டு, வாயால் மெதுவாக ஊதினேன்.