கழலாத கொழுப்பு

அவசரப்பட்டு அக்காவிடம் சொல்லித் தொலைத்திருக்க வேண்டாம். தங்கை ஆய்வக நாற்காலியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

நம் செல்களில் சில புரதங்களின் மேல் கொழுப்பு அமிலம் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்த புரதத்திலிருந்து அதைக் கழற்ற ஒரு நொதி உண்டு. அக்கா மகளுக்குப் பிறவியிலேயே அந்த நொதி இல்லை. கழலாத கொழுப்பு மூளையில் சேர்ந்தது. மூன்று வயதுக்குள் நடை போயிற்று, பேச்சு போயிற்று, கண்ணும் போயிற்று. அதற்கு முன் ஊரையே விலைபேசுகிற வாயாடி அவள். "கொழுப்புடி உனக்கு" என்று அக்கா கொஞ்சித் திட்டுவாள். டாக்டர் நோயை விளக்கிய பிறகு அந்தச் சொல்லை அக்கா வாயிலேயே எடுப்பதில்லை. யார் வயிற்றெரிச்சலோ, இப்படியுமா ஒரு குழந்தைக்கு வரும்!

தங்கையின் வேலையே இந்தக் கொழுப்பு ஆராய்ச்சிதான். குழந்தையின் தோல் செல்களில் ஒரு புது மருந்தைப் போட்டுப் பார்த்தாள். கொழுப்பு இருந்தால் ஒளிரும்படி அடையாளம் வைத்திருந்தாள். மருந்து போட்ட குழாய்களில் ஒளியே இல்லை. கால் தரையில் பாவாமல் அக்காவுக்குப் போன் போட்டாள். விழுங்கத் திணறும் குழந்தையின் வயிற்றில் உணவு செலுத்தும் குழாய் பொருத்தக் குறித்திருந்த நாளை அக்கா தள்ளிப்போட்டாள்.

இன்றுதான் உறைத்தது. ஒளியைப் பார்க்கும் முன் புரதத்தைச் சாயத்தில் கலந்து சூடாக்குவார்கள். வழக்கமான சாயம் அந்தச் சூட்டில் கொழுப்பைத் தானே பிய்த்துவிடும் என்பதால் இந்தச் சோதனைக்குத் தனிச் சாயம். அன்று அது பாதியில் தீர்ந்துபோனது. மருந்து போட்ட குழாய்களுக்கு மட்டும் பக்கத்து மேசையிலிருந்த வழக்கமான சாயப் புட்டியை எடுத்து ஊற்றிவிட்டாள். படிக்க வரும் பிள்ளைகளிடம் இதே தவற்றுக்காக எரிந்துவிழுகிறவள்! சரியான சாயத்தில் மறுபடி செய்தபோது எல்லாக் குழாய்களும் ஒன்றுபோல ஒளிர்ந்தன. மருந்து ஒன்றும் செய்யவில்லை.

அக்கா வீட்டில் குழந்தை மடியில் கிடந்தது. கடைவாயில் வழிந்த பழக்கூழை அக்கா துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த மருந்து வேலை செய்யலக்கா. நான் சாயத்த மாத்திப் போட்டுட்டேன். கொழுப்பு போனது அதனாலதான்."

அக்காவின் கை நின்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அந்தக் குழாய்க்கு நாள் கேளு," என்றாள்.

"என்ன நாலு அறை அறைஞ்சிடுக்கா." தங்கை உடைந்து அழுதாள்.

"சத்தம் போடாதடி. காது நல்லா கேக்குது இவளுக்கு." அக்கா குழந்தையின் காதைக் கையால் பொத்தினாள். "சித்தி மருந்து கண்டுபிடிச்சிட்டா, கண்ணு தெரியப்போகுதுன்னு நேத்து முழுக்க சொல்லிக்கிட்டே இருந்தேன். சிரிச்சாடி."