பின்னால் ஓடிய பதினாறு

பகல் மணி பன்னிரண்டு. நான்கு மணிக்குள் பதினாறு மாநிலங்களின் பள்ளிக்கூடப் புள்ளிவிவரம் அச்சாகி வந்தாக வேண்டும். வந்தால் வத்சலாவின் தற்காலிக வேலை நிரந்தரம். வராவிட்டால் நாளை முதல் அவள் ஆபீஸ் வர லோதி ரோடு பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை.

மாநிலத்துக்கு இருபது நிமிடம். ஒன்று முடிந்து ஒன்று என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். நடக்காது.

வத்சலா டெர்மினலில் கட்டளையைத் தட்டி, கடைசியில் '&' குறியைச் சேர்த்தாள். வேலை திரைக்குப் பின்னால் போய்விட்டது. திரை அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. அதற்கு மேல் ஏற்றினால், வராந்தா கடைசி அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் மிஷினுக்கு மூச்சு முட்டும். நான்கும் சேர்ந்து நாற்பத்தைந்தே நிமிடத்தில் முடிந்தன.

ஒன்றரைக்குள் எட்டு மாநிலம். அடுத்த நான்கை ஓடவிட்டு, டிபன் டப்பாவோடு வெளியே ஓடினாள்.

இரண்டு மணிக்குத் திரும்பினால், அவள் டெர்மினல் இருண்டு கிடந்தது.

"யார் அணைச்சது?"

"நான்தாம்மா" என்றார் மேலதிகாரி பூவராகவன். லஞ்ச் நேரத்தில் விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் அவரே போய் அணைப்பார். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லும் சர்க்குலரில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். "ஸ்கிரீன்ல ஒண்ணுமே ஓடலை. வெட்டியா எரியறதேன்னு..."

"பின்னாடி நாலு ஓடிண்டிருந்தது சார்! டெர்மினலை அணைச்சா அத்தனையும் செத்துடும்!"

"பின்னாடின்னா? எங்கே?" பூவராகவன் நிஜமாகவே டெர்மினலின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

பதில் சொல்ல நேரமில்லை. மறுபடி நான்கு. இந்த முறை ஒவ்வொன்றின் முன்னாலும் 'நோஹப்' என்று தட்டினாள். டெர்மினல் செத்தாலும் வேலை சாகாது என்று கையேட்டில் போட்டிருந்தது. சோதித்துப் பார்த்ததில்லை.

இரண்டே முக்காலுக்கு அந்த நான்கும் முடிந்தன. கடைசி நான்கு கிளம்பின.

மூன்று பத்து. ஃபேன் நின்றது. டெர்மினல் கண்ணை மூடியது.

கரண்ட் கட்!

"போச்சு! எல்லாம் போச்சா?" பூவராகவன் நெற்றியைத் துடைத்தார். "வத்சலா, சொல்லேம்மா! ஜாயின்ட் செக்ரட்டரிக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்!"

வத்சலா வராந்தாவில் ஓடினாள். மிஷின் அறைக்கு மட்டும் ஜெனரேட்டர் உண்டு. கதவைத் தள்ளினாள். டிஸ்க்கின் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவள் வேலைகளுக்காகத்தானா? அங்கிருந்த டெர்மினலில், ஓடும் வேலைகளின் பட்டியலைக் கேட்டுத் தட்டினாள்.

நான்கு வரிகள் வந்தன. நான்கும் ஓடிக்கொண்டிருந்தன.

மூன்று முப்பத்தெட்டுக்கு பிரிண்டர் கரகரவென்று அலறத் தொடங்கியது. நான்கடிக்க ஆறு நிமிடம் இருக்கும்போது கடைசித் தாளைக் கிழித்தாள். பூவராகவன் அட்டவணையில் ஒரு கையெழுத்து, அவளை நிரந்தரமாக்கும் ஃபைலில் ஒரு கையெழுத்து என்று போட்டார்.

"அச்சா, ரொம்ப நல்லது. சர்க்குலர்னு நான் டெர்மினலை அணைச்ச விஷயம் மேலே தெரிய வேண்டாம், என்ன?"

கரண்ட் திரும்பியது. ஆளில்லாத செக்‌ஷனில் எல்லா விளக்கும் எரிந்தன, எல்லா ஃபேனும் சுற்றின.

பூவராகவன் சுவிட்ச் பக்கமே போகவில்லை.