நீலக் கோடு

எடை போட்ட கூடைகளைக் கொட்டகைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கொழுந்து கிள்ளும் பெண்கள் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். கென்யாவின் பொமெட் மலையில் மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஊசியோடு உட்கார்ந்திருந்த செரோனோ இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்து அதிக நாள் ஆகவில்லை.

"என் ரத்தத்த வெச்சு என்னடி பண்ணப் போற? அது பாதி தேயிலைச் சாறு" என்றாள் அடுத்த வீட்டு செலங்காட்.

"ஆப்டமர்னு ஒண்ணு, அக்கா. டி.என்.ஏ. துணுக்கு, நூல் மாதிரி சுருண்டுக்கும். உணவுக்குழாய்ப் புத்துநோய் ரத்தத்துல எதையாவது விட்டா, அத மட்டும் தேடிக் கவ்வும். கவ்விட்டா சோதனைப் பட்டையில நீலக் கோடு விழும்."

"எம் மாமியா அதுலதான் போச்சு. எனக்கு விழுந்தா சொல்லிடு, என்ன?"

செரோனோ பஞ்சை அழுத்திப் பிடித்தாள். முடிவை யாருக்கும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

செலங்காட்டின் பட்டையில் கோடு அழுத்தமாக விழுந்தது. செரோனோ அதை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் வஃபூலாவிடம் போனாள்.

"இது இன்னும் அனுமதி வாங்காத சோதனை. தப்பா இருந்தா அந்தம்மாவ வீணா பயமுறுத்தினதாயிடும்" என்றார் அவர்.

"சரியா இருந்தா சார்?"

"அதத்தானே கண்டுபிடிக்கப் போறோம்."

ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்க் குழாயடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து செரோனோ சொல்லிவிட்டாள். செலங்காட் குடத்தை இறக்கி வைத்தாள். "சாப்புடறப்ப ஒண்ணும் அடைக்கலையேடி" என்றாள். மறுநாளே தோட்டத்து மருந்தகத்துக்குப் போனாள்.

"யாரு சொன்னது? சீட்டு எங்க?" என்றார் மருந்தகக்காரர். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர வேண்டும். நன்றாக விழுங்குகிறவளுக்கு எழுத முடியாது. அவளை அனுப்பிவிட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன் போட்டார். அந்த வாரமே செரோனோவின் வேலை போயிற்று. கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு செலங்காட்டுக்குப் பக்கத்து வரிசையில் இறங்கினாள்.

"நீ வாயத் தொறக்காமலே இருந்திருக்கலாம்டி. உம் பொழப்பாவது மிஞ்சியிருக்கும்."

"சும்மா கிள்ளுக்கா, கங்காணி பாக்கறான்."

பெருமழைக்குப் பிறகு செலங்காட்டுக்கு உகாலிக் களி இறங்கவில்லை. கஞ்சிக்கு மாறினாள். பிறகு கஞ்சியும் நின்று நின்று இறங்கியது. இப்போது மருந்தகக்காரர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். குழாய் விட்டுப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா, அறுத்து எடுத்திருக்கலாம்" என்றார்.

மறு வருஷம் ஆராய்ச்சி வண்டி மறுபடி வந்தது. புதுப் பெண்ணுக்கு செலங்காட்டின் கையில் நரம்பு அகப்படவில்லை. செரோனோதான் கையைப் பிடித்துத் தட்டித் தேடிக் கொடுத்தாள். வஃபூலா வண்டியிலிருந்து இறங்கி வந்து செலங்காட்டின் தோளைத் தொட்டார்.

"உங்க ரத்தம் எங்களுக்கு ரொம்ப முக்கியம்மா. கோடு சரியாத்தான் சொல்லியிருக்கு."

செரோனோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

புதுப் பெண் ஒரு ரொட்டியைப் பிரித்து செலங்காட்டின் மடியில் வைத்தாள். "சாப்பிட்டுத்தான் எந்திரிக்கணும்மா. வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

செலங்காட் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிடும்வரை மென்றுகொண்டே இருந்தாள்.